பழைய எண், புதிய எண்

எங்கள் நிலையத்தில் இரண்டு மணி.
ஒன்று ஊருக்கு.
அது அடித்தால்
சோற்றில் இருக்கும் கை கழுவாமலே ஓடும்.
தணிகாசலம் அண்ணன்
ஒற்றை பூட்ஸோடு வந்து வண்டியைக் கிளப்புவார்,
மற்றது வழியில்.

இன்னொன்று எங்களுக்கு.
சமையலறைக் கூரையில்
கவிழ்த்த டபரா மாதிரி வெள்ளையாய்,
நடுவே சிவப்பாய்ச் சிமிட்டிக்கொண்டு.
சுற்றறிக்கை வந்து, டெண்டர் வந்து,
கடைசியில் கம்பெனிப் பையன் வந்தான்.
ஏணி எங்களுடையது,
அவன் கொண்டுவர மறந்திருந்தான்.
"ஃபயர் ஸ்டேஷனுக்கே அலாரமா சார்?"
கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்தவனாய்
அவனே சிரித்தான்.
நாங்களும்.

நெத்திலிக்குத் தாளித்தால் அலறியது.
மிளகாய் வறுத்தால் அலறியது.
போகியன்று
கொருக்குப்பேட்டை முழுக்க டயர் எரிந்த விடியலில்
நாலு மணி தொட்டு ஓயவேயில்லை.
அன்றைக்குத்தான் ஏறினேன்.
பெட்டியோடு வந்த ஆரஞ்சு மூடி,
சுண்ணாம்பு அடிக்கையில் தூசி படாமலிருக்கப் போடுவது,
அதை எடுத்து அதன் வாயில் மாட்டினேன்.
கச்சிதமாய்ப் பொருந்தியது.
நிலைய அலுவலர் பார்த்தார்,
பிறகு செய்தித்தாளைப் பார்த்தார்.

ஏப்ரலில் தீத்தொண்டு வாரம்.
மாநகராட்சிப் பள்ளியில் மைக் என் கையில்.
முதலில் புகை, பிறகுதான் தீ என்றேன்.
புகைக்குக் குரல் கொடுக்கும் கருவி
வீடுதோறும் வேண்டும் என்றேன்.
மூன்றாம் வரிசைச் சிறுமி எழுந்தாள்:
"உங்க வீட்ல இருக்கா சார்?"
"இருக்கு."
எந்த வீட்டைச் சொன்னேனோ.

மே. கத்திரி. இரவு இரண்டு பத்து.
ஊர் மணி.
எண்ணூர் நெடுஞ்சாலையில் பிளாஸ்டிக் கிடங்கு.
ஆள் போதாது என்று
காவலுக்கு இருக்கவேண்டிய இருதயராஜையும் ஏற்றிக்கொண்டோம்.
டீக்குப் பால் வைத்தவன் நான்.
அணைத்தேனா?
தண்டையார்பேட்டை சிக்னலில் வந்த கேள்வி
ஹெல்மெட் வாரை இறுக்கியதும் போய்விட்டது.

மூன்று மணி இருக்கும்.
வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைப் பெண்.
தீ விபத்து என்றாள்.
தெருப் பெயர் சொன்னாள்.
பழைய எண் சொன்னாள், புதிய எண் சொன்னாள்.
"அடையாளம்?" என்றார் தணிகாசலம் அண்ணன், பழக்கத்தில்.
கொஞ்சம் இரைச்சல்.
"ஃபயர் ஸ்டேஷன்."
"ஸ்டேஷன் பக்கத்துலயா?"
"ஸ்டேஷன்."

குழாயை விட்டு நகர முடியாது.
யாருடையதோ குடங்கள், நாற்காலிகள்
எங்கள் முன்னால் உருகிக்கொண்டிருந்தன.
அவற்றுக்குத் தண்ணீர் பீய்ச்சியபடி நின்றோம்.

விடிந்து போனால்
பக்கத்து நிலையத்து வண்டி எங்கள் இடத்தில் நின்றது.
அவர்கள் வருமுன்பே
எதிர்ச்சாரியில் மாவரைக்கும் மும்தாஜ் அக்கா
101-ஐ அழைத்துவிட்டு,
வாசலில் தொங்கிய மணல் வாளிகளை
ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய்க் கொட்டியிருந்தாள்.
பாதி மணல், பாதி பீடித் துண்டு.
சுவர் கழுத்துவரை கறுப்பு.
பாத்திரம் எது அடுப்பு எது தெரியவில்லை.
கூரையில் ஆரஞ்சு மூடி உருகி
சொட்டும் முன் உறைந்திருந்தது.
"உங்க மணி அடிக்குமேன்னு
ரெண்டு நிமிஷம் பாத்தேன்பா" என்றாள் அக்கா.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
ஊரார் தீக்கெல்லாம் யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன்.
கவனக்குறைவு.
ஏழு எழுத்து என்பது
அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போதும் நெத்திலி உண்டு,
அலறலும் உண்டு.
கரண்டியும் கையுமாய் எல்லாரும் வாசலுக்கு வருகிறோம்.
தணிகாசலம் அண்ணன் தலைகளை எண்ணுகிறார்.
பேருந்து நிறுத்தத்தில் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.
அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.
இரண்டு முறை பார்த்தேன்.